விண்ணப்பத்தில் ஒட்டிய படம்

தபால்காரர் அந்தப் பழுப்பு கவரைக் கொண்டுவந்தபோது கமலவேணியின் கையில் தறி நாடா இருந்தது. அதனால் உடனே எழுந்து போக முடியவில்லை.

நெசவுத் தெருக்களுள்ள பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பின்னிக்கொண்டே நெய்ய வேண்டும். அது ஒருவர் கைக்கு எட்டாத வேலை. தறிக்குழிக்குள் கால் விட்டு நடுவில் உட்கார்ந்திருப்பவர் நாடாவை ஓட்ட, வலப்பக்கம் பலகையில் இருப்பவர் கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றாக வேண்டும். சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சேர்ந்தேதான் நெய்ய வேண்டும். கணவர் வேணுகோபால் நடுவிலும் கமலவேணி வலப்பக்கமுமாக இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

"யாருக்குங்க?" என்று பலகையிலிருந்தே கேட்டாள்.

"வேணுகோபால்னு போட்டிருக்குது. கவர்மெண்டு கவர்மா" என்று சொல்லி ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார் தபால்காரர்.

சித்திரை வெயில் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தச் சூட்டில் பட்டு நூல் மொறுமொறுவென்று ஆகி அறுந்துபோகும். அதற்காகக் குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். ஈரத்தரையில் கால் பதித்து வேணுகோபால் எழுந்து போய்க் கவரை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூத்து மேடையில் பாடுகிற அதே குரலில் படித்தார்.

"நலிந்த கலைஞர்களுக்கான மாதாந்திர நிதியுதவி கோரித் தாங்கள் அளித்த விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தகுதியை நேரில் ஆய்வு செய்ய அலுவலர் வருகை தர உள்ளார்."

படித்து முடித்து, கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"நான் எங்கமா விண்ணப்பம் குடுத்தேன்?"

"குடுக்காமயா வந்திருக்குது?"

"அதான் கேக்கறேன். யாரு குடுத்தது?"

கமலவேணி நாடாவை மடியில் வைத்தாள். "யாரு குடுத்தா இன்னாங்க. மாசாமாசம் வரும்னா வாங்கிக்க வேண்டியதுதானே. எனக்குக் கண்ணுல பொரை வந்துக்கினு இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? நான் கரை நாடாவைப் போடறது பாதி கண்ணால, பாதி கைப்பழக்கத்தால."

"நலிஞ்ச கலைஞன்னு போட்டிருக்குது கமலா. நலிஞ்சவனா நானு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பரமசிவம் வாத்தியாரின் கூத்து ஜமாவில் வேணுகோபால்தான் திரௌபதி. முப்பத்தோரு வருடமாக அந்த வேஷத்தை வேறு யாரும் கட்டவில்லை. இந்த வருடம் மட்டும் பதினேழு ஊர்களிலிருந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார்கள். பெண் வேஷக்காரர் என்பதால் தினமும் விடியற்காலையில் முகம் மழித்துவிடுவார். மேலுதட்டில் ஒரு முடி நிற்க விடமாட்டார். புருவத்தையும் ஒதுக்கி வைத்திருப்பார். டீக்கடையில் புது ஆள் யாராவது பார்த்துச் சிரித்தால், "சிரிச்சுக்கோப்பா. படுகளத்தன்னிக்கு இந்தக் கால்லதான் வந்து வுழுவே" என்பார். விழவும் செய்வார்கள். அறுபத்தொரு வயதிலும் அவர் தலைவிரி கோலமாக வந்து நின்றால் பெண்கள் கற்பூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு திருமுக்கூடல் பக்கத்து ஊரில் பாரதத் திருவிழா. பதினெட்டாம் நாள், துரியோதனன் விழுகிற படுகளம். அந்த ஊரில் கொடி ஏறி, கங்கணம் கட்டியாயிற்று. விரதம் என்பதால் வீட்டில் கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்துப் பரண் மேல் ஏற்றிவிட்டாள் கமலவேணி. ஊரே காத்திருக்கும் நேரத்தில் 'நலிந்தவர்' என்று ஒரு காகிதம் வந்தால் எப்படி இருக்கும்?

அது மட்டும் இல்லை. போன மாதம்தான் பரமசிவம் வாத்தியார், ஜமாவுக்குப் புதுக் கிரீடமும் புஜக்கட்டையும் ஆர்மோனியமும் வாங்க அரசாங்க மானியம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். முழுநேரமும் ஆடுகிற கலைஞர்கள் என்று பன்னிரண்டு பேர் பட்டியல் அதில் இருக்கிறது. இரண்டாவது பெயர் வேணுகோபால். ஆடுகிறவர் என்று ஒரு காகிதம். ஆட வாய்ப்பில்லாமல் நலிந்தவர் என்று இன்னொரு காகிதம். இரண்டும் ஒரே அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன.

"எவனோ எனக்குக் குழி வெட்டறான்" என்றார் வேணுகோபால், தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டே.

*

முதல் சந்தேகம் மகன் மேல் விழுந்தது. லோகேஷ் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷிப்ட் முடிந்து மாலையில் வந்தவன், கூழும் வெங்காயமும் கையில் வாங்கும் முன்னே விசாரணையில் உட்கார வேண்டியதாயிற்று.

"ஏம்பா, என் ஆதாரை எடுத்துக்கினு போய் எங்கயாவது குடுத்தியா?"

"பைக் லோனுக்குக் குடுத்தேன் நைனா. நீதானே கையெழுத்துப் போட்டே."

"அது இல்ல. இது."

லோகேஷ் கடிதத்தைப் படித்தான். "சூப்பர் நைனா. எப்போ அப்ளை பண்ணே?"

"நான் பண்ணல."

"ஆன்லைன்னா ஓடிபி வந்திருக்குமே. உன் போனுக்கு வந்துதா?"

"என் போனுக்கு உன் அத்தை குட்மார்னிங் மட்டுந்தான் வரும்."

"அப்போ பேப்பர்ல யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ளிகேஷன் நம்பர் போட்டிருக்குது பாரு. ஆனா டேட் இல்ல. இதை வெச்சுக்கினு எப்போ போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியாது." கூழை ஒரு மிடறு குடித்தான். "வர்றத வாங்கிக்க வேண்டியதுதானே? ஃப்ரீ மணி. நீ இதுக்குப் போயி சிபிஐ மாதிரி பேசிக்கினு இருக்கே."

"வாங்கிட்டா அப்பறம் நான் ஆடக்கூடாதுடா."

"யாரு சொன்னது?"

"வாய்ப்பு இல்லாதவனுக்குன்னுதானே அந்தப் பணம்? அதை வாங்கிக்கினு மேடையில ஏறினா ஊரு இன்னா சொல்லும்? வாத்தியாரு இன்னா சொல்லுவான்?"

வாத்தியார் என்ற பேச்சு வந்ததும் வேணுகோபாலின் கண் ஓரிடத்தில் நின்றது. கமலவேணி அதைக் கவனித்தாள். இரண்டாவது சந்தேகம் யார் மேல் விழப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

*

பரமசிவம் வாத்தியார் தாமாகவே வந்தார், மறுநாள் காலையில். தபால்காரர் ஒரு கவரை ஒரு வீட்டில் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்பது தெருமுனைக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். வாத்தியாருக்கு ஆள் உயரம், அதற்கேற்ற குரல். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். முறுக்கிய மீசை வருடம் முழுக்க முகத்தில் இருக்கும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே தறி நின்றுவிடும்.

"இன்னா வேணு, நலிஞ்சு போய்ட்டியாமே. சொல்லவே இல்லியே."

"வாங்க வாத்தியாரே. நானே வரலாம்னு இருந்தேன்."

"எதுக்கு? கை மாத்தா?"

கமலவேணி மோர் கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் டம்ளரைத் தொடவில்லை.

"வேணு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஜமாவுக்கு மானியம் வருதுன்னு நான் ஆறு மாசமா கலெக்டர் ஆபீசுக்கு நடந்துக்கினு இருக்கேன். பதிவு பண்ணணும், போட்டோ குடுக்கணும், எந்தெந்த ஊர்ல ஆடினோம்னு பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட எழுதி வாங்கணும். எல்லாம் பண்ணிட்டேன். இப்போ ஒரே பேரு ரெண்டு ஃபைல்ல வந்தா அவங்க இன்னா பண்ணுவாங்க? ரெண்டையும் தூக்கிக் கடாசிடுவாங்க. நலிஞ்சவனையா திரௌபதி கட்ட வுடறேன்னு என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் போடல வாத்தியாரே."

"பின்ன ஆவியா போட்டுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். என் பேரு, ஊரு, வயசு, ஆதார் நெம்பரு எல்லாம் யாருகிட்ட இருக்குது? போன மாசம் பட்டியலுக்குன்னு யாரு வாங்கிக்கினு போனது?"

வாத்தியாருக்கு அது புரிய இரண்டு நொடி ஆயிற்று. "இன்னா சொல்றே நீ?"

"உங்க அக்கா மவன் குமரன் தாடி மீசை எல்லாம் எடுத்துட்டுச் சுத்திக்கினு இருக்கான். நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். எனக்கு இந்தப் பென்ஷனைக் கட்டிவுட்டு உக்கார வெச்சிட்டா, படுகளத்துக்கு அவனைக் கட்டலாம் இல்ல?"

"வாய அளந்து பேசு வேணு."

"நான் அளந்துதான் பேசறேன்."

"முப்பது வருஷம் கூட நின்னு ஆடினவன்கிட்டப் பேசற பேச்சா இது?" பரமசிவம் எழுந்துகொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். நீ நலிஞ்சவனா இல்லியான்னு அவங்க எழுதிக்கினு போகட்டும். அதுவரைக்கும் திரௌபதி பொடவையும் சவுரி முடியும் என் வூட்லதான் இருக்கும். யாரு கட்டறதுன்னு அப்பறம் பேசிக்கலாம்."

மோர் அப்படியே இருந்தது. கமலவேணி அதை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர் விட்டுப் பெருக்கி மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு வேணுகோபால் டீக்கடைக்குப் போனார். அங்கே நான்கு பேர் கேட்க, அதே குற்றச்சாட்டை இன்னும் கொஞ்சம் அலங்காரமாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் தெரு இரண்டாகப் பிரிந்தது. வாத்தியார் செய்திருப்பார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வேணுவே போட்டுவிட்டு நடிக்கிறார் என்று மீதிப் பேர் சொன்னார்கள். நடிகர்தானே, அவருக்கு அது வராதா என்று சிரித்தார்கள்.

*

வியாழக்கிழமை. முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. வேணுகோபால் நாடாவை ஓட்டினார். கமலவேணி வாங்கித் திருப்பினாள். சேலை மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. நாடா ஓடுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"கமலா."

"ம்."

"கண்ணு ஆபரேஷனுக்கு எவ்ளோ ஆவும்னு சொன்னாரு டாக்டரு?"

"காப்பீட்டு அட்டையில பண்ணிடலாம்னாரு. அன்னிக்கே சொன்னேனே."

"கண்ணாடி, மருந்துன்னு மேல செலவு இருக்கும் இல்ல?"

"இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

நாடா இரண்டு முறை போய்வந்தது.

"கவர் வந்த அன்னிக்கு நீ ஆச்சரியமே படல. வாங்கிக்க வேண்டியதுதானேன்னே. மகளிர் குழுவுல ஃபாரம் எழுதற பொண்ணு உனக்குத் தோஸ்து. என் ஆதார் ஜெராக்ஸ் அரிசி டப்பாவுல இருக்குது. நீதான் போட்டிருப்பே."

கமலவேணியின் கை தன் பழக்கத்தில் நாடாவை வாங்கியது, திருப்பாமல் நின்றது. வேணுகோபாலின் கால் அதற்குள் மிதியை மாற்றிவிட்டது. மயில்கழுத்து இழை அரக்குக் கரைக்குள் ஒரு விரற்கடை ஓடி நின்றது.

"கோர்வை தப்பிடுச்சு" என்றார் அவர்.

"தெரியுது." அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறைந்துவிடும். "நான் உன் பேரைத் திருடினேனா? முப்பத்தோரு வருஷம் உன் ஜடையைப் பின்னி, உன் வேஷத்துக்குப் பூ கட்டிக் குடுத்து, ஊர் ஊராக் கூட வந்து குந்தினு இருந்தவ நானு. நீ நலிஞ்சவன்னு நான் எழுதிக் குடுப்பேனா? எனக்கு எழுதவே வராது. கையெழுத்து மட்டுந்தான் வரும்."

"கோவிச்சுக்காதே. கேட்டேன், அவ்ளோதான்."

"பையனைக் கேட்டே. வாத்தியாரைக் கேட்டே. இப்போ என்னைக் கேட்டே. இன்னும் யாரு பாக்கி? தபால்காரரா?"

தப்பிய இழையைப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊசி முனையால் அவர் இந்தப் பக்கம் தள்ள, அவள் அந்தப் பக்கம் வாங்கினாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் தெளித்தாள், பலகையில் வந்து உட்கார்ந்தாள். நெய்கிறவருக்கு எதிர்ப்பக்கம் தயார் என்று தெரிய வேண்டும் என்பதால் "போடு" என்று மட்டும் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்குக்கூட மரியாதை திரும்பி வரவில்லை.

பேசாமல் இருந்த அந்த நாட்களில் கமலவேணிக்குள்ளும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் எல்லாரையும் கேட்கிறார். அலுவலகத்துக்கு ஒரு நடை போய், யார் போட்டது என்று ஃபைலைப் பார்த்துவிட்டு வரலாம். பேருந்தில் ஏறினால் கால் மணி நேரம். அதை மட்டும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்?

*

அலுவலர் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். துர்காதேவி என்று பெயர், முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்த இடம் தேடி, கிடைக்காமல், சீட்டின் மேல் துப்பட்டாவைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். தோளில் ஃபைல் பை. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு.

"வேணுகோபால் வீடு இதானேம்மா? அவர் இருக்காரா?"

"இருக்காரு. தறியில இருக்காரு. உள்ள வாங்க."

வேணுகோபால் குழியிலிருந்து எழ முயன்றார். "நீங்க உக்காருங்க சார், வேலையைப் பாருங்க" என்றார் துர்காதேவி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பரணைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார், லோகேஷின் புது பைக்கை ஜன்னல் வழியாகப் பார்த்தார். எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனா, விண்ணப்பம் போட்டவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் தம்பி வந்து நான்தான் அவர்னு நிக்கறார். அதனால எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் எழுதணும். ஆதார் குடுங்க."

கமலவேணி அரிசி டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். துர்காதேவி ஃபைலைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார். ஆதாரைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், குழியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

கமலவேணி காகிதத்தைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போனாள். மூலையில் ஒட்டியிருந்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

நீலத்திரை. கழுத்துவரை பொத்தான் போட்ட கட்டம்போட்ட சட்டை. உப்பும் மிளகுமாக, உதட்டை மூடித் தொங்குகிற பெரிய மீசை.

அந்த மீசையை அவளுக்குத் தெரியும். பதினொரு மாதம் அது இந்த வீட்டில் இருந்தது. கொரோனா வந்த வருடம். ஒரு ஊரிலும் கொடி ஏறவில்லை. நெய்யப் பாவு நூல் கொடுக்க ஆள் இல்லை. தறியில் சிலந்தி நெய்தது. ஒருநாள் காலையில் அவர் முகம் மழிக்கவில்லை. மறுநாளும் மழிக்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது?" என்று கேட்டாள். "யாருக்குக் காட்டப் போறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒரு மத்தியானம் கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நூல் விஷயமாகப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். இருட்டுகிற நேரத்துக்கு இரண்டு கொய்யாப்பழத்தோடு திரும்பி வந்தார். நூல் கிடைத்ததா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அவள் கொய்யாவை அறுத்து உப்புத் தூவி மூன்று பேருக்கும் வைத்தாள்.

மறு வருடம் முதல் ஊரில் கொடி ஏறியது என்று தெரிந்த அன்றே மீசை போய்விட்டது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த முகத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்றால் அந்தப் பதினொரு மாதத்தில்தான் பிடித்திருக்க முடியும். ஊரார் படம் எடுக்கப் போகிற இம்தியாஸ் ஸ்டூடியோவின் நீலத்திரை முன்னால் போய் உட்கார்ந்து, இனி ஆடப்போவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் கொய்யா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

முதலில் அவளுக்கு எரிந்தது. மகனை, வாத்தியாரை, கடைசியில் தன்னை. அத்தனை பேரையும் கேட்டாரே. திரும்பிப் பார்த்தாள்.

வேணுகோபால் நெய்த துணியின் மேல் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையால் வாயையும் மேலுதட்டையும் மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. தறியில் ஓடாமல் நின்ற நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம் என்றால் மாதாமாதம் பணம் வரும். ஞாயிற்றுக்கிழமை குமரன் திரௌபதி கட்டுவான். அந்தப் பணத்தை எண்ணுகிற ஒவ்வொரு மாதமும் இவர் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இவரு இல்லமா" என்றாள் கமலவேணி.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"நல்லா பாத்துட்டேன். எனக்குக் கண்ணு கொஞ்சம் மந்தந்தான். ஆனா எங்க வூட்டுக்காரருக்கு மீசை கெடையாதுன்னு தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த மீசைக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாது."

துர்காதேவி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழிப்பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் ஆடறீங்களா சார்?"

வேணுகோபால் கையை எடுத்தார். "ஆடறேன்மா. வர்ற ஞாயித்துக்கிழமை படுகளம்."

"அப்போ யாரோ உங்க பேர்ல போட்டிருக்காங்க. இந்த விண்ணப்பம் என்னுடையது அல்ல, எனக்கு வேண்டாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் மூடிடறேன்."

அவர் குழியிலிருந்து ஏறினார். கால் மரத்துப்போய் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பலகையில் காகிதத்தை வைத்து எழுதினார். கையெழுத்துப் போடும்போது 'வே'யின் கொம்பை எப்போதும்போல் வளைத்து, பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் கீழே இரண்டு புள்ளி வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

துர்காதேவி காகிதத்தை வாங்கி, விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கொம்பு, இரண்டு கோடு, நான்கு புள்ளி. தெருவில் ஒரு பூக்காரி கூவிக்கொண்டு போய் அடுத்த தெருவுக்குத் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தைத்தான் மாத்திட்டாங்க" என்றார் கடைசியில். "கையெழுத்தை ரொம்ப நல்லா போட்டிருக்காங்க."

துர்காதேவி இரண்டு காகிதத்தையும் சேர்த்து ஊசி குத்திப் பைக்குள் வைத்தார்.

"என்னைக்காவது நெஜமாவே வேணும்னு தோணுச்சுன்னா, நீங்களே ஆபீசுக்கு வாங்க சார். வேற யாரையும் போட வுடாதீங்க. நானே எடுத்துப் பண்றேன்." கமலவேணி கொடுத்திருந்த மோரை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "நல்லா இருக்குதும்மா. பெருங்காயம் போட்டீங்களா?"

*

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் வேணுகோபால், "கமலா" என்றார்.

"ஒண்ணும் பேசாதே."

"அஞ்சு வருஷம் ஆச்சு. குப்பையில போட்டிருப்பாங்கன்னுதான் நெனச்சேன். கவரைப் பாத்ததும் எனக்கு..."

"வாத்தியார் வூட்டுக்குப் போய்ட்டு வா. அப்பறம் தறியில உக்காரு."

அவர் தலையை ஆட்டினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். எடுத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். காலையில்தான் மழித்திருந்தார். மறுபடியும் சோப்பை நுரைத்து, ஒன்றுமில்லாத மேலுதட்டைப் பொறுமையாக ஒருமுறை மழித்துக்கொண்டு, அந்த வெயிலில் இறங்கிப் போனார்.

கமலவேணி பலகையில் போய் உட்கார்ந்தாள். தனியாக ஒரு இழைகூட நெய்ய முடியாது. துணியில் துருத்திக்கொண்டிருந்த நூல் முனைகளைக் கத்தரித்தாள். தரை உலர்ந்துவிட்டதென்று இரண்டு முறை தண்ணீர் தெளித்தாள். சோற்றை வடித்தாள். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. அடித்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தாள்.

இரண்டரைக்கு வந்தார். வேர்த்து ஊற்றியிருந்தது. கையில் ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்க்க வேண்டாம். ஓரத்தில் திரௌபதியின் மஞ்சள் சேலை எட்டிப் பார்த்தது.

"குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டான்."

"இன்னா சொன்னே அவருகிட்ட?"

"எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் போட்டேன், பயந்துக்கினு உன் மேல சொன்னேன்னு. டீக்கடையிலயும் வந்து சொல்றேன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன் ரொம்ப நேரம் மீசையை முறுக்கிக்கினு இருந்தான். அப்பறம் அவன் பொண்டாட்டி உள்ள போறவரைக்கும் பாத்துட்டு, மெதுவாக் கேட்டான்."

"இன்னாத்தை?"

"உனக்கு எப்போ கவர் வந்துதுன்னு. செவ்வாக்கெழமைன்னேன். எனக்கு இன்னும் வரலியேங்கறான்."

கமலவேணி புரியாமல் பார்த்தாள்.

"அவனும் போட்டிருக்கான் கமலா. அதே வருஷம். எனக்கு ரெண்டு நாள் முன்ன. அதே ஸ்டூடியோ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு தோளில் வந்து குலுங்கியது. அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நாளைக்கு அந்தப் பொண்ணு அவரு வூட்டுக்குப் போனா?"

"அதுதான் அவனுக்கும் கவலை. டீக்கடைக்கெல்லாம் வர வேணாம், எதையும் யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காதேன்னு கையைப் பிடிச்சுக்கினான்."

"உனக்காவது படத்துல மட்டும் மீசை இருந்துது, இல்லன்னு சொல்ல முடிஞ்சுது. அவருக்கு எப்பவும் அதே மூஞ்சிதானே. அவரு பொண்டாட்டி இன்னா சொல்லுவா?"

வேணுகோபால் அதை யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் கவலைதான் வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. அதை அவர் அடக்கிக்கொண்டார்.

சாப்பிட்டார்கள். மோரும் சோறும், வறுத்த மிளகாயும். சாப்பிட்டு முடித்து அவர் மூட்டையைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அவள் வலப்பக்கம் பலகையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நாடாவை எடுத்தார்கள்.

"இன்னும் கோவமா இருக்கியா?"

"இருக்கேன்."

"எப்போ தீரும்?"

"தெரியாது. ஞாயித்துக்கிழமை முடியட்டும். இந்தச் சேலை முடியட்டும்." கரை நூலை விரலால் நீவி இழுத்துச் சரிசெய்தாள். கண் அருகே கொண்டுபோய்க் கோர்வையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள்.